காலாவதியை நீட்டித்தும் மறுக்கப்பட்ட பொதுச்சாவி

மட்டக்களப்பிலிருந்து நான் அனுப்பும் மின்னஞ்சல்களின் கையொப்பம் அக்கரைப்பற்றிலுள்ள நண்பரிடம் சரியாகவே உறுதியானது. ஆனால் எனக்கு மறைகுறியாக்கி எழுத அவர் முயன்றபோதெல்லாம், பயன்படுத்தத்தக்க பொதுச்சாவி (எனக்கு எழுதுவதைப் பூட்ட நான் பிறருக்குக் கொடுக்கும் சாவி) இல்லை என்று குனூபிஜி (GnuPG) என்ற மறைகுறியாக்க மென்பொருள் மறுத்தது. அச்சாவியின் காலாவதித் திகதியை ஏற்கெனவே நீட்டியிருந்தேன். சாவியை அவர் நீக்கி மீண்டும் இறக்கியும் பயனில்லை. சாவியை அடையாளம் காட்டும் குறியீடான கைரேகையும் ஒத்திருந்தது; ஆனால் திகதி மாறினாலும் கைரேகை மாறாது என்பதால் அந்த ஒப்பீடு எதையும் காட்டாது.

என் முதன்மைச் சாவி கையொப்பமிடுவதற்கு; மறைகுறியாக்கத்துக்கு அதனுடன் இணைந்த துணைச்சாவியே பயன்படும். வழக்கமான சாவிப் பட்டியலில் அந்தத் துணைச்சாவி வரியே இல்லை என்பதைக் கவனித்தேன். காலாவதியான துணைச்சாவிகளைப் பட்டியல் இயல்பாகவே மறைத்துவிடும். திருத்தும் நிலையில்தான் அது பழைய திகதியுடன் தென்பட்டது. திகதியை மாற்றும் ‘எக்ஸ்பயர்’ (expire) கட்டளை, துணைச்சாவியைத் தெரிவு செய்யாதவரை, முதன்மைச் சாவியை மட்டுமே நீட்டுகிறது. ஆகவே முதலில் துணைச்சாவியைத் தெரிவு செய்ய ‘கீ 1’ (key 1) என்று கொடுத்து, அவ்வரியில் நட்சத்திரக்குறி விழுந்ததை உறுதிசெய்தபின் ‘எக்ஸ்பயர்’, ‘சேவ்’ (save) என்று கொடுத்துப் பொதுச்சாவியை மறுபடி அனுப்பினேன். அவரது மறைகுறியாக்கிய மடல் அன்றே திறந்தது.