மாணவர் இணையவழிப் பாடத்துக்குத் தயாரா? வகுப்பு தொடங்கும் முன்பே கண்டுகொள்வது எப்படி

"இணையவழியில் படிக்க நீங்கள் தயாரா?" என்று ஒரு படிவம் அனுப்பினால், சிங்கப்பூர் மாணவர்களில் பெரும்பாலோர் "ஆம்" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. கையில் மடிக்கணினி இருக்கும், வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தபடி கற்றலுக்கு மாறியபோது ஸூமில் உட்கார்ந்து பழகியவர்கள் இவர்கள். ஆனால் அன்று அட்டவணையைப் பள்ளி போட்டது; வரவில்லை என்றால் ஆசிரியர் வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப்பட்ட விரிவுரையை எப்போது பார்ப்பது என்பதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். தயார்நிலையைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான். கணினி இருக்கிறதா என்பது அதற்கப்புறம்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. தைவானில் 1,051 கல்லூரி மாணவர்களைக் கொண்டு உருவாக்கி 2010இல் வெளியிட்ட இணையவழிக் கற்றல் தயார்நிலை அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 18 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கணினி, இணையத்தில் உள்ள தன்னம்பிக்கை, சுயமாகக் கற்றல், கவனம் சிதறாமல் கற்றலைத் தன் பிடியில் வைத்திருத்தல், ஊக்கம், இணையத்தில் பேசி எழுதும் துணிவு என ஐந்து பகுதிகளை அது அளக்கிறது. அந்த மாணவர்கள் கணினியிலும் ஊக்கத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். சறுக்கியது சுயமாகக் கற்றலிலும் கவனத்தைக் காப்பதிலும்தான்.

இந்த அளவுகோலை விரிவுரையாளரான நீங்களும் உங்கள் மாணவர்களுக்குத் தரலாம், 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் 18 கூற்றுகளையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள். கணினியில் 5, சுயமாகக் கற்றலில் 2 வாங்கியவரின் சராசரி மூன்றரையாக வந்து நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஐந்து எண்களையும் தனித்தனியாகவே வைத்துப் பாருங்கள்.

இன்னொரு குறை, இது மாணவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது. திறன் குறைந்தவர்களே தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்வார்கள் என்று உளவியலாளர்கள் க்ரூகரும் டன்னிங்கும் 1999இல் காட்டியது இங்கும் பொருந்தும். ஆகவே மனநிலையைக் கேட்கும் கூற்றுகளோடு, நடந்ததைக் கேட்கும் கேள்விகள் சிலவற்றையும் சேருங்கள். "நான் நேரத்தை நன்றாகத் திட்டமிடுவேன்" என்பதற்குப் பதில், "கடைசியாகச் சமர்ப்பித்த கட்டுரையை இறுதி நாளுக்கு எத்தனை நாள் முன்பு எழுதத் தொடங்கினீர்கள்?" என்று கேளுங்கள். "புரியாவிட்டால் கேட்பேன்" என்பதற்குப் பதில், "போன பருவத்தில் விரிவுரையாளருக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பூச்சியம் என்ற பதில் நிறைய வரும்.

செய்யச் சொல்லிப் பாருங்கள்

படிவத்தைவிட அதிகம் சொல்பவை சிறு சிறு பணிகள். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காத ஐந்து பணிகளைக் கொடுங்கள்.

1. கற்றல் தளத்துக்குள் (கேன்வஸோ பிளாக்போர்டோ, உங்கள் பல்கலைக்கழகம் எதைப் பயன்படுத்துகிறதோ அது) நுழைந்து, பாடவிளக்க ஆவணத்தைத் தேடி, மூன்றாவது ஒப்படைப்பு எந்தத் தேதி என்று எழுத வேண்டும். இணைப்பை அனுப்பிவிடாதீர்கள், அவர்களே தேடட்டும்.

2. ஆறு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்து, கலந்துரையாடல் பகுதியில் மூன்று வரி எழுத வேண்டும். சக மாணவர் ஒருவருக்குப் பதிலும் எழுத வேண்டும்.

3. கையால் எழுதிய ஒரு பக்கத்தை ஒரே பிடிஎஃப் கோப்பாக மாற்றி, சொன்ன பெயரில் பதிவேற்ற வேண்டும்.

4. அடுத்த வாரத்தின் நாட்காட்டியில் இந்தப் பாடத்துக்கான மணி நேரங்களைக் குறித்து, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

5. பத்து நிமிட நேரடிச் சோதனை: ஒலிவாங்கி, திரைப் பகிர்வு, சிறு குழு அறைக்குள் போய்த் திரும்புதல்.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பகலில் வளாகத்தில் வைத்துச் செய்தால் பயனில்லை. வகுப்பு மாலை 7 மணிக்கு என்றால் சோதனையும் மாலை 7 மணிக்கு, மாணவர் உண்மையில் உட்காரப் போகும் இடத்திலிருந்து நடக்க வேண்டும். மூவறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அந்த நேரத்தில் தம்பி விளையாட்டில் இருப்பான், கூடத்தில் தொலைக்காட்சி ஓடும், வைஃபை பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். சுவர் தாண்டிய அறையில் அலை பலவீனமாக இருக்கலாம். ஒரு கேபிள் போட்டாலே தீரும் சிக்கல் இது. ஆனால் மூன்றாவது வாரத்தில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

மூன்றாவது பணியில் பலரும் தடுமாறும் இடம் ஐஃபோன் படங்கள். அவை இயல்பாகவே எச்இஐசி (HEIC) என்ற கோப்பு வடிவில் சேமிக்கப்படுவதால், தளம் ஏற்காமல் போகலாம். நோட்ஸ் செயலியின் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தினால் நேரடியாக பிடிஎஃப் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் கூகல் டிரைவ் அதையே செய்யும். இதை ஒரு வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இதற்கெல்லாம் பயிலரங்கு வேண்டாம்.

நான்காவது பணிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 அலகுப் பாடம் என்றால் வகுப்பையும் சேர்த்து வாரத்துக்கு 10 மணி நேர வேலை என்று கணக்கு. இணையவழிப் பாடத்தில் இந்த 10 மணி நேரம் கண்ணுக்குத் தெரியாது. நாட்காட்டியில் இடம் தேடும்போதுதான், முழுநேர வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் தம்மிடம் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். அவருக்குத் தேவை உற்சாகமூட்டல் இல்லை. அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆலோசனை, அதுவும் பாடத்தைக் கைவிடும் இறுதி நாளுக்கு முன்பே.

பணிகளுக்கு மொத்தம் 2 விழுக்காடு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண்ணே இல்லை என்றால் செய்ய மாட்டார்கள். 10 என்றால் நண்பரிடம் செய்து வாங்குவார்கள். முடித்தாரா என்பதோடு எப்போது முடித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் கடைசி இரவு பதினொன்றரை மணிக்குச் செய்தவர், திறன் இருந்தும் கவனிக்க வேண்டியவர்.

தமிழ்ப் பாடமானால் ஆறாவது பணி ஒன்று

சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரத் தமிழ்ப் பட்டப்படிப்பு போன்றவற்றில் எழுதுவதெல்லாம் தமிழில்தான். திறன்பேசியில் தமிழில் வேகமாகத் தட்டுபவர் மடிக்கணினியில் திணறுவார். குரல்வழி உள்ளீட்டுக்குப் பழகியவர் தேர்வில் மாட்டிக்கொள்வார். 10 நிமிடம் தட்டச்சு செய்யச் சொல்லி, சொற்களை எண்ணுங்கள். கணக்கு எளிது: இரண்டு மணி நேரத் தேர்வில் 800 சொல் எழுத வேண்டும், படிக்கவும் யோசிக்கவும் பாதி நேரம் போகும் என்றால், மிஞ்சும் 60 நிமிடத்தில் நிமிடத்துக்கு 13 சொல் வேண்டும். ஐந்து சொல் தட்டுபவர் 300இல் நின்றுவிடுவார். விடை தெரியாததால் அல்ல, விரல் ஓடாததால்.

விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் உள்ளமைந்தே வருகின்றன. ஆங்கில எழுத்து வழியே தமிழ் தட்டிப் பழகியவர் அஞ்சலில் அன்றே எழுதத் தொடங்கலாம். தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தால், தினம் 15 நிமிடம் ஒதுக்கி தமிழ்99 கற்பது லாபம்; தட்ட வேண்டிய விசைகள் குறையும். எதுவானாலும், தேர்வின்போது கணினியில் வேறெதையும் திறக்கவிடாத பூட்டு மென்பொருளில் அந்த விசைப்பலகை வேலை செய்கிறதா என்று மாதிரித் தேர்வு ஒன்றில் பார்த்துவிடுங்கள். தனியாக நிறுவிய விசைப்பலகைகளைச் சில மென்பொருள்கள் தடுத்துவிடும்.

யாருக்கு என்ன உதவி

தேசிய சேவை முடித்து வருபவர்கள் இரண்டாண்டு புத்தகத்தை விட்டு விலகி இருந்தவர்கள். கருவி அவர்களுக்குச் சிக்கல் இல்லை. நீண்ட கட்டுரையைப் படித்துக் குறிப்பெடுக்கும் பழக்கம்தான் துருப்பிடித்திருக்கும். முதல் இரு வாரம் வாசிப்பைப் பாதியாக்கி, குறிப்பெடுத்த பக்கத்தையே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் தங்கிப் படிக்கும் அனுமதியான மாணவர் அட்டைக்குக் காத்திருந்து தமிழ்நாட்டிலிருந்தே முதல் வகுப்புகளில் சேருபவர்களுக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்குக் காலை 9 என்றால் அவர்களுக்கு ஆறரை. கைபேசித் தரவில் பார்ப்பவர் என்றால், காணொளிக்கு நொடிக்கு 1 மெகாபிட் போனாலே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி தீரும். குரல் மட்டும் 80 கிலோபிட் என்றால் 36 எம்பிதான். ஒளிப்படக்கருவியை அணைத்து, குரலோடு விரிவுரையின் படவில்லைகளை பிடிஎஃப்பாக முன்கூட்டியே கொடுத்தால் போதும்.

கணினியோ இணைப்போ இல்லாத வீடுகள் இங்கே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் மடிக்கணினியும் அகண்ட அலைவரிசையும் தருகிறது. அதைத் தனியாகச் சொல்லுங்கள். வகுப்புக் குழுவில் எல்லார் முன்னும் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பாடத்தின் பக்கமும் திருத்த வேண்டியவை உண்டு. எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் ஈடுபட்டுப் பார்த்த இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐம்பது நிமிட விரிவுரையைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு கேள்வி வையுங்கள். ஒப்படைப்பின் கெடு ஞாயிறு இரவு 11.59 என்று வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பதிவேற்றம் சிக்கினால் உதவ யாருமில்லை. வியாழன் இரவு 9 மணி நல்லது. அறிவிப்புக்கு ஒரே இடம் போதும். தளத்தில் பாதி, வாட்ஸ்அப்பில் பாதி, மின்னஞ்சலில் மீதி என்று சிதறினால் நன்றாகப் படிப்பவரும் எதையாவது தவறவிடுவார்.

முதல் மூன்று வாரம் தளத்தின் பதிவுகளைத் திங்கள்தோறும் பாருங்கள். ஏழு நாள் உள்ளே வராதவருக்குப் பொது அறிவிப்பு வேண்டாம், தனிச் செய்தி போகட்டும்:

"வணக்கம். மூன்றாவது வார விரிவுரையை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்று பார்த்தேன். நேரம் இடிக்கிறதா, பாடம் புரியவில்லையா, கணினியில் சிக்கலா? ஒரு சொல்லில் பதில் போதும். வியாழன் இரவு 8 முதல் 8.30 வரை ஸூமில் இருப்பேன்."

காரணத்தைத் தேர்ந்தெடுக்கக் கொடுத்திருப்பதால் விளக்கம் எழுதும் கூச்சம் போய்விடும். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் வருவது "இல்லை, நன்றி" மட்டுமே.

தரவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள்; தேவையின்றி அதைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உண்டு. மாணவர் எண் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். "தயாரில்லை" என்ற பட்டியல் வகுப்புக் குழுவில் உலவினால் அடுத்த பருவத்தில் எவரும் உண்மை எழுத மாட்டார்கள். பருவ நடு விடுமுறை வாரத்தில் நாட்காட்டிப் பணியை மட்டும் மறுபடி கொடுங்கள்; தொடக்கத்தில் 10 மணி நேரம் குறித்தவர் இப்போது எத்தனை குறிக்கிறார் என்பதை வைத்து, இறுதி ஒப்படைப்புக்கு யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று முடிவு செய்யலாம்.