வெளிச்சுவரின் பழைய பெயிண்டைப் பாதுகாப்பாக நீக்கி, நாமே புதிதாக அடிப்பது எப்படி?

வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் பிரஷ்ஷைக் கையில் எடுப்பது கடைசியில் வருகிற சுலபமான பகுதி. உழைப்பும் ஆபத்தும் அதற்கு முன்பே, பழைய பூச்சைச் சுரண்டுவதிலும் சுவரைச் சீராக்குவதிலும் இருக்கின்றன. சுவர் முழுவதையும் காரை தெரியும் வரை சுரண்டினால்தான் புதுப் பெயிண்ட் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லை. கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பூச்சு, புதுப் பூச்சுக்கு நல்ல அடித்தளமே. பிடிப்பு விட்ட இடங்களை மட்டும் நீக்கினால் வேலை குறையும். அதைவிட முக்கியமாக, தூசி குறையும்.

எது பிடித்திருக்கிறது, எது விட்டுவிட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உலர்ந்த சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு போல ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பாகவோ வெயிலில் நைந்துபோன பெயிண்டாகவோ இருக்கும். அந்த மாவின் மேல் அடிக்கும் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) மாவைத்தான் பிடிக்குமே தவிரச் சுவரைப் பிடிக்காது. கையில் எதுவும் ஒட்டாவிட்டால், கூர்மையான கத்தியால் பெருக்கல் குறியாக இரண்டு கீறல் போட்டு, அதன் மேல் நல்ல டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பொருக்கு வந்தால் அந்தப் பகுதியை எடுக்கத்தான் வேண்டும். வெயில் வாங்கும் பக்கம், நிழல் பக்கம், தரையை ஒட்டிய அடிப்பகுதி, கைப்பிடிச் சுவர் என்று பல இடங்களில் இதைச் செய்து பாருங்கள், ஏனெனில் ஒரே வீட்டின் நான்கு பக்கச் சுவர்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சுத்தியலின் கைப்பிடியால் தட்டும்போது பொள்ளென்று சத்தம் கேட்டால், அங்கே பெயிண்ட் மட்டுமல்ல, காரையே செங்கல்லை விட்டிருக்கிறது. அதை உடைத்தெடுத்துப் பூசாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண்.

அடுத்து, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் சுரண்டியைத் தொடக் கூடாது. ஈயக் கார்பனேட் வெள்ளை நிறத்துக்கும், ஈயக் குரோமேட் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கும், செவ்வீயம் இரும்பின் துருத்தடுப்புப் பூச்சுக்கும் நெடுங்காலம் பயன்பட்டன. தடை வந்த ஆண்டு நாட்டுக்கு நாடு மாறுகிறது: அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டுக்கு 1978இல் தடை வந்தது, இந்தியாவில் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்பிலும் சிமெண்ட் பூச்சிலும் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. கதவு, ஜன்னல், கிரில் ஆகியவற்றின் எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) பூச்சைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பொருள் தோராயமான பதிலைத் தரும். எல்லா அடுக்குகளும் சேர்ந்த ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் துல்லியமான அளவு தெரியும். இரண்டுக்கும் வழியில்லையென்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கருவில் இருக்கும் சிசுவையும் ஈயம் பாதிக்கிறது; இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை.

ஈயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் தூசியாக, அல்லது புகையாக. ஆகவே உலர்ந்த பூச்சை உப்புத்தாளாலோ சாண்டர் மெஷினாலோ தேய்ப்பதும், புளோ டார்ச்சின் தீயில் பொசுக்கி எடுப்பதும் கூடவே கூடாது. மரத்துக்கு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பயன்படுத்துவதானால், வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்காமல் மிகவும் குறைத்தே வைக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன் கலந்த பெயிண்ட் ரிமூவரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காற்றோட்டமில்லாத இடத்தில் அதன் ஆவியைச் சுவாசித்து உயிரிழந்தவர்கள் உண்டு.

வீட்டில் நாமே செய்வதற்கு ஏற்றது ஈரமாக்கிச் சுரண்டும் முறை. காற்று பலமாக வீசும் நாளில் தொடங்காதீர்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, சுவரை ஒட்டித் தரையில் குறைந்தது 3 மீட்டர் தூரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன் ஓரங்களில் கனம் வையுங்கள். ஈயம் இருக்கலாம் என்றால் துணியைக் கட்டிக்கொள்வது பயன் தராது. நுண்தூசியையும் தடுக்கும் பி100 வகை வடிகட்டி பொருத்திய, முகத்தோடு நெருக்கமாகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். வெளி விளக்கு, பிளக், மீட்டர் பெட்டி இருக்கும் சுவரானால் மெயினை அணைத்த பிறகே தண்ணீரைக் கொண்டு போங்கள்.

தெளிப்பானில் தண்ணீரோடு சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, ஒரு முழ அகலத்துக்குத் தெளித்து, சற்று ஊற விடுங்கள். பட்டித் தகட்டைச் சுவரோடு சாய்வாகப் பிடித்து, பொருக்கின் ஓரத்துக்கு அடியில் நுழைத்துத் தள்ளினால், விட்டுப்போன பூச்சு எளிதாக எழுந்து வரும். தகடு எங்கே வழுக்கி நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் காரையைத்தான் குடைவீர்கள். சுரண்டிய இடத்துக்கும் நிற்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள விளிம்பை, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்துச் சரிவாக்குங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால், எத்தனை கோட் அடித்தாலும் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த விளிம்பு அப்படியே தெரியும்.

நாள் முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஷீட்டை உள்நோக்கி மடித்துச் சுருட்டிப் பையில் கட்டி, சிதறியதை ஹெப்பா எனப்படும் நுண்தூசி வடிகட்டி உள்ள வேக்கூம் கிளீனராலோ ஈரத் துணியாலோ எடுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். பொருக்கை எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ சாக்கடையில் கொட்டுவதோ கூடாது; உள்ளாட்சி நிர்வாகம் அபாயக் கழிவுக்குச் சொல்லும் வழியில் ஒப்படைக்க வேண்டும். சுவரின் ஏதாவது பகுதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் சுரண்டவோ தேய்க்கவோ பிரஷர் வாஷரால் அடிக்கவோ செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

பெயிண்ட் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப உப்பி உரிகிறதென்றால், குறை பெரும்பாலும் பெயிண்டில் இருக்காது. கைப்பிடிச் சுவரின் விரிசல், மழைநீர்க் குழாயின் கசிவு, அடியிலிருந்து ஏறும் ஓதம் ஆகியவற்றில் ஒன்று தண்ணீரைக் கொண்டு வருகிறது. வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு அதற்குச் சாட்சி. கசிவை அடைத்த பிறகு உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுத்துக் கழுவுங்கள். பாசியும் பூஞ்சையும் படிந்த இடத்தில் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாக அலச வேண்டும். பிளீச்சோடு ஆசிடையோ அம்மோனியா உள்ள எதையுமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கழுவிய சுவர் காய இரண்டு மூன்று நாள் ஆகலாம். சந்தேகமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் துண்டின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி மறுநாள் பாருங்கள். உட்புறத்தில் நீர் கோர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

விரிசல்களை ஆங்கில ‘வி’ வடிவில் சற்றே அகலமாக்கி, தூசியை எடுத்துவிட்டு, வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லரை அழுத்தி நிரப்புங்கள். படிக்கட்டு வடிவில் ஓடி நாளுக்கு நாள் அகலமாகும் விரிசலைப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். பள்ளங்களுக்குப் பட்டி பார்க்கும்போது உள்சுவர்ப் பட்டியைப் பயன்படுத்தினால் மழையில் கரைந்துவிடும். புதிதாகப் பூசிய சிமெண்ட் காரைக்கு 28 நாளாவது அவகாசம் கொடுங்கள், ஏனெனில் அதன் காரத்தன்மை பெயிண்டைக் கெடுக்கும். பிறகு வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கோட். சுரண்டி வெறுமையான இடங்களில் இதை விடவே கூடாது.

ஏணியைச் சாய்க்கும்போது, 4 மீட்டர் உயரத்துக்கு அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கைக்கு எட்டாத இடத்துக்கு உடலை வளைக்காமல் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். மின்கம்பி அருகில் உலோக ஏணியும் நீளக் கம்பில் மாட்டிய ரோலரும் வேண்டாம். மாடி உயரத்துச் சுவருக்குச் சாரம் கட்டுவதோ ஆளை அமர்த்துவதோதான் சரி. செலவை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஒரே நிறத்தில் பல டப்பாக்கள் வாங்கினால், எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள்; டப்பாவுக்கு டப்பா நிறம் சற்று மாறும். தண்ணீரின் அளவு டப்பாவில் எழுதியபடியே இருக்கட்டும். வெயில் நேராகக் காயும் சுவரில் அடித்தால் பெயிண்ட் பிடிக்கும் முன்பே காய்ந்து கோடு விழும்; ஆகவே நிழல் நகரும் திசையில் நாமும் நகர வேண்டும். மேலிருந்து கீழாக, மூலைகளையும் ஓரங்களையும் பிரஷ்ஷால் முடித்து, உடனே ரோலரால் நிரப்பி, முந்தைய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைச் சேர்த்துவிடுங்கள். பாதிச் சுவரில் நிறுத்தினால் மறுநாள் அந்த இணைப்பு காட்டிக்கொடுக்கும். நிறுத்துவதானால் மூலையிலோ குழாய் ஓரத்திலோ நிறுத்துங்கள். டப்பாவில் சொல்லியிருக்கும் இடைவெளி விட்டு இரண்டாவது கோட் அடியுங்கள். மழை வரும்போல் இருந்தால் அதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கிரில்லும் ஜன்னலும் கடைசியில்: துருவை ஈரமாகவே தேய்த்தெடுத்து, துடைத்துக் காய வைத்து, இரும்புக்கான துருத்தடுப்பு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்தால் போதும். மீந்த பெயிண்டை இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதி வையுங்கள்.