லைபோசக்‌ஷன்: கொழும்பில் இரண்டு மணித்தியாலம், ஹட்டனில் ஆறு வாரம்

இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு வருஷமாகியும் அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கத்திலும் இருந்த சதை மட்டும் போகவே இல்லை. ஹட்டனில் மேடு ஏறி இறங்காத நாள் கிடையாது, சோற்றையும் பாதியாக்கியாயிற்று. கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் லைபோசக்‌ஷன் செய்துகொண்டேன். இப்போது ஒன்பது மாதம். எல்லோரும் சத்திரசிகிச்சையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் தூக்கத்தில் இருந்தேன். பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது மெலிவதற்கான வழி இல்லை, ஓரிடத்துக் கொழுப்பை எடுக்கிற வேலை. தொங்கும் தோலும் பிள்ளைப்பேற்றுக் கோடுகளும் அப்படியே இருக்கும். முதல் வாரம் தராசில் ஏறவே வேண்டாம். உள்ளே தங்கிய நீரால் எனக்கு எடை கூடித்தான் இருந்தது, ஒரு மூச்சு அழுதேன்.

டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா, அவர் பிளாஸ்டிக் சேர்ஜனா என்று பாருங்கள். அழகு நிலையத்திலேயே மலிவாகச் செய்து தருகிறோம் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அஸ்பிரின், இபுபுரூபன், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டலாம். எதை எப்போது நிறுத்துவது என்பதை டொக்டர் சொல்லட்டும், இருதயத்துக்குக் குடிக்கிற அஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிகரட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். அதிலும் நிக்கொட்டின்தான், புண் ஆறுவதைத் தாமதமாக்கும்.

அன்று காலை நிற்கவைத்து வயிற்றில் பேனாவால் வட்டம் வட்டமாகக் கீறுவார்கள். படுத்தால் கொழுப்பு இடம் மாறிவிடும் என்பதால்தான் நிற்கச் சொல்கிறார்கள். பிறகு சேலைனில் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்து உள்ளே ஏற்றுவார்கள். ஒன்று மரத்துப்போக, மற்றது இரத்தக் குழாய்கள் சுருங்க. 1980களில் இந்த முறை வந்த பிறகுதான் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. சில மில்லிமீற்றர் துளைகள் வழியாக கனூலா என்ற மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுவார்கள். எனக்கு எடுத்தது இரண்டு லீற்றருக்கும் குறைவு. ஐந்து லீற்றரைத் தாண்டினால் பெரிய அளவு, அதற்குக் கண்காணிப்பும் அதிகம் வேண்டும்.

முதல் இரண்டு இரவும் துளைகளிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கசியும். மெத்தை நனைந்ததைப் பார்த்து அக்கா கத்தியே விட்டா. அது ஏற்றிய சேலைன்தான், கொஞ்சம் இரத்தமும் சேர்ந்து வருகிறது. வெளியே வர வர வீக்கம் குறையும். கட்டிகட்டியாகச் சிவந்த இரத்தமே வந்தால் மட்டும் உடனே டொக்டருக்கு அழையுங்கள். கீழே விரிக்க பெரியவர்களுக்கான பம்பர்ஸை வெட்டி விரித்ததுதான் எனக்குச் சரிவந்தது.

அன்றே மலையேறி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஐந்து நாள் தங்கி, டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் வேன் ஏறினேன். மணிக்கொரு தரம் நிறுத்தி இறங்கி நடந்தேன், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. கித்துல்கல வரை ஒன்றும் தெரியவில்லை. கினிகத்தேன வளைவுகளில்தான் அந்தத் தலையணையின் அருமை புரிந்தது.

இனி நான் விழுந்த இடம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே விழுந்தேன். வயிற்றிலிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கிற கார்மண்ட் ஒன்று போட்டு அனுப்புவார்கள். மூன்றாம் நாள் குளிக்கலாம் என்றார்கள். குளியலறையில் நின்றபடியே கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலாவது கொக்கியில் காது அடைத்தது, ஓடு வெள்ளையாகத் தெரிந்தது, அடுத்து நினைவிருப்பது அக்காவின் கை. இறுக்கியிருந்தது திடீரென்று தளர்ந்ததும் இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. பலருக்கு இப்படி நடக்கும் என்று டொக்டர் பிறகு சாதாரணமாகச் சொன்னார். முதலே சொல்லியிருக்கலாம். ஆகவே ஏதாவது சாப்பிட்டு, இனித்த பிளேன்டி ஒன்று குடித்துவிட்டு, கட்டிலில் படுத்தபடி மெல்ல மெல்லக் கழற்றுங்கள். பத்து நிமிஷம் அப்படியே கிடந்துவிட்டு எழும்புங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் வெளியே ஒருவர். தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கார்மண்டைத் தொட்டுப் பார்த்து, “பிள்ளை பெத்தா நாங்க சேலை கட்டினதுதானே இது, இதுக்கா இவ்வளவு காசு?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குச் சொன்ன கணக்கு ஆறு வாரம், குளிக்கிற நேரம் தவிர எப்போதும். நான் ஒன்றே ஒன்று வாங்கியிருந்தேன். ஜூன் மாத ஹட்டனில் ஒரு கைலேஞ்சியே இரண்டு நாளில் காயாது, இந்தத் தடித்த துணி எங்கே காயப்போகிறது? ஈரத்தோடு போட்டு இடுப்பெல்லாம் சொறி வந்தது. இரண்டு வாங்குங்கள், மழைக்காலமென்றால் மூன்று. துவைத்ததும் காய்ந்த துவாயில் சுருட்டி ஏறி மிதித்தால் பாதி ஈரம் போய்விடும். அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைத்தால் இழுவை செத்துவிடும். முன்பக்கம் கொக்கியும் அதன் மேல் சிப்பும் வைத்ததைத்தான் எடுங்கள். காலால் ஏற்றுவது அழகான மொடல்தான், முதல் வாரம் குனியவே முடியாது.

குளிர் ஊர்க்காரர் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு, சுடுதண்ணிப் பை. வயிற்றுத் தோல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். சுடுவது தெரியாமலே வெந்துவிடும். கம்பளியை இரண்டாகப் போடுங்கள், பை வேண்டாம்.

கன்றல் நிறம் இரண்டு வாரத்தில் மங்கியது. மூன்றாம் வாரம் வயிறு சில இடத்தில் கல்லாகவும் சில இடத்தில் கட்டியாகவும் இருக்கும், அது மெதுவாக இளகும். கருவாடும் அச்சாறும் சாப்பிட்ட மறுநாள் எனக்கு வீக்கம் கூடியது. உண்மையான வடிவம் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் போகும். அதுவரை கண்ணாடி முன்னால் நிற்பது வீண் வேலை.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தார். தேய்க்கவே கூடாது, காலில் இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். காய்ச்சலோடு தோல் சிவந்து சூடாகப் பரவினாலும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி எப்போது வேலைக்குப் போகலாம் என்றார். நான் மேசை வேலைக்குப் பத்தாம் நாள் போனேன். கொழுந்து நிறைந்த கூடையோடு மலைச்சரிவில் நிற்பது வேறு விஷயம். டொக்டரிடம் “பாரம் தூக்குவேன்” என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை கிலோ, எவ்வளவு தூரம் என்று சொல்லிக் கேளுங்கள்.

ஆண்கள் இருவர் கேட்ட கூச்சமான கேள்விக்கு: ஆம், வயிற்றில் செய்தால் வீக்கமும் கன்றலும் கீழே இறங்கி அந்த இடத்துக்கும் வரும். பெண்களுக்கும்தான். சில நாளில் வடியும். கடும் வலியோடு கூடிக்கொண்டே போனால் கூச்சம் பார்க்காமல் காட்டுங்கள்.

என் பழைய கார்மண்டைத் தருவேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தரமாட்டேன். ஆறு வாரத்தில் இழுவை போய்விட்டது, அது என் இடுப்பு அளவும் கூட. உங்கள் அளவை டொக்டரிடமே எடுத்துக்கொள்ளுங்கள்.