கச்சானுக்கு மெழுகு, மாரிக்கு ஒயில்: சைக்கிள் செயினுக்கு மெழுகு ஏற்றுவது எப்படி?

கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் சைக்கிள் ஓடுபவர்களுக்குத் தெரியும். காலையில் ஒயில் விட்ட செயின் இரண்டு நாளில் மணலும் கறுப்புமாகிவிடும். அந்த மணல் ஒயிலோடு சேர்ந்து உள்ளே போய்ச் செயினை அரம் போல அராவும். மெழுகு காய்ந்து கிடப்பதால் மணல் அவ்வளவாக ஒட்டாது, களிசானிலும் கறை பிடிக்காது. நான் இதில் இறங்கியது அதற்காகத்தான்.

செயினைக் கழற்றத் தெரியும்தானே? சரி, கழுவுவதற்கு வருவோம். நான் பிழைவிட்ட இடம் இதுதான். புதுச் செயின், பளபளவென்று இருக்கிறதே, இதில் என்ன அழுக்கு என்று பெட்டியில் இருந்து எடுத்த கையோடு மெழுகில் போட்டேன். நாலே நாளில் மெழுகு செதில் செதிலாக உதிர்ந்து, செயின் பழையபடி கறுத்துவிட்டது. கம்பனியில் பூசி அனுப்பும் கிறீஸ் உள்ளே இருக்கும்வரை மெழுகு இரும்பில் பிடிக்காது.

ஆகவே ஒரு ஜாம் போத்தலில் செயினையும் மண்ணெண்ணெயையும் போட்டு மூடிக் குலுக்குங்கள். கறுத்ததும் மாற்றுங்கள். எனக்கு மூன்று தரம் தேவைப்பட்டது. (கறுத்ததைக் கானில் ஊற்றாதீர்கள். ஓர் இரவு அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுக்கலாம்.) மண்ணெண்ணெயோடு நிறுத்தினாலும் பிழைதான், அதுவும் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். கடைசியாக ஸ்பிரிட்டில் இரண்டு தரம் அலசுங்கள். ஸ்பிரிட் தெளிவாகவே இருந்தால் போதும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிட் ஈரத்தோடு அடுப்புப் பக்கமே போகக் கூடாது.

மெழுகுக்குப் பரபின் கட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நிறமும் வாசமும் இல்லாத வெள்ளை மெழுகுதிரி. ஒரு பழைய பால்மாப் பேணியில் போட்டு, பேணியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேரே நெருப்பில் வைக்காதீர்கள், மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் தீப்பிடிக்கும். தண்ணீர்ச் சட்டிக்குள் இருந்தால் அது 100 பாகைக்கு மேல் போகாது. இதற்கென்று விலைகூடிய மின்சட்டி தேவையே இல்லை என்பது என் கட்சி.

செயினைக் கம்பியில் கோத்து இறக்கி அசைத்துக்கொண்டிருங்கள். குமிழிகள் வரும், அவை நிற்கும்வரை, ஒரு 10, 15 நிமிடம். உடனே தூக்காதீர்கள். அடுப்பை அணைத்து, மெழுகின் மேல் ஆடை கட்டத் தொடங்கும்போது தூக்கினால்தான் உள்ளே போதிய மெழுகு தங்கும். தொங்கவிட்டு ஆறியதும் கட்டையாகக் கிடக்கும். ஓர் இரும்புக் குழாயில் சுற்றி இழுத்து ஒவ்வொரு கண்ணியையும் மடக்கிவிட்டுப் பூட்டுங்கள்.

எனக்கு ஒருமுறை ஏற்றினால் 250 முதல் 300 கிலோமீற்றர் வரை போகிறது. வறண்ட சத்தம் கேட்டால் மறுபடி ஏற்ற வேண்டிய நேரம்.

இனிக் குறை. மெழுகு துருவைத் தடுக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த செயினை இரவு துடைக்காமல் விட்டால் விடியும்போது செம்மஞ்சளாக நிற்கும், இங்கே கடற்காற்றின் உப்பு வேறு. மாரிக்கு ஒயில்தான். ஆனால் ஒயில் விட்ட செயினை மெழுகுக்குத் திருப்ப, மறுபடி மண்ணெண்ணெயில் இருந்து தொடங்க வேண்டும். அந்தச் சலிப்பில் நான் இப்போது இரண்டு செயின் வைத்திருக்கிறேன், ஒன்று வெயிலுக்கு, ஒன்று மழைக்கு.

பின்சேர்க்கை: மிஞ்சிய மெழுகை என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். பேணியிலேயே உறையவிட்டு, அடியில் படிந்த கறுப்பைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். ஒருவர் சிங்கில் ஊற்றிவிட்டாராம், குழாய் அடைத்துவிட்டது.

இன்னொன்று, கியர் இல்லாத சைக்கிள்காரர்களுக்கு. செயினைப் பூட்டும் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வழியில் எதிலாவது தட்டுப்பட்டு கழன்றுவிடும்.