வினைகலனுக்கு அவசர அழுத்த விடுவிப்பு: வால்வைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

வேதிவினை நடக்கும் மூடிய கலனான வினைகலன் ஒன்றுக்கு அவசர அழுத்த விடுவிப்பு அமைப்பை வடிவமைக்கும்போது, வால்வின் அளவைத் தீர்மானிப்பது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும். அழுத்தம் எந்தெந்த வழிகளில் ஏறக்கூடும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: வெளியே தீப்பற்றுதல், வெளியேறும் குழாய் அடைபடுதல், குளிர்நீர் நின்றுபோதல், மூலப்பொருளை இருமுறை ஊற்றிவிடுதல், நின்ற கலக்கியை மீண்டும் ஓட்டுவதால் தேங்கிய பொருள் ஒரேயடியாக வினைபுரிதல். தொடர்பற்ற இரு கோளாறுகள் ஒரே நேரத்தில் நிகழும் என்று பொதுவாகக் கொள்வதில்லை. ஆனால் மின்சாரம் போனால் குளிர்நீர்ப் பம்பும் கலக்கியும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால், அந்த இரண்டையும் ஒரே கோளாறாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தீக்கான கணக்கு எளிது. கலனில் திரவம் தொட்டிருக்கும் பரப்பைக் கொண்டு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரநிலையான ஏபிஐ 521 தரும் சூத்திரம் போதும்.

கட்டுமீறிச் சூடேறும் வினைதான் கடினமானது. இதற்கு வெப்பம் வெளியே கசியாத கலோரிமீட்டரில் செய்த சோதனையின் தரவு வேண்டும். சோதனைக் குப்பியே வெப்பத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால், அங்கே தெரியும் வெப்பநிலை ஏற்றம் உண்மையைவிட மெதுவானது. அதைத் திருத்தாமல் பெரிய கலனுக்குப் பயன்படுத்தக் கூடாது. மேலும், கலன் திடீரென அழுத்தம் இழக்கும்போது உள்ளிருக்கும் திரவம் நுரைத்துப் பொங்கி, ஆவியோடு சேர்ந்தே வெளியேறும். ஆவி மட்டுமே வரும் என்று நினைத்துக் கணக்கிட்ட துளை அப்போது மிகச் சிறியதாகிவிடும் என்பதால், அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் 1976-இல் தொடங்கிய டியர்ஸ் என்ற அவசர விடுவிப்பு ஆய்வுத் திட்டத்தின் இருநிலைப் பாய்வு (திரவமும் ஆவியும் கலந்து பாய்தல்) முறைகளைக் கையாளுங்கள்.

வால்வு திறக்கத் தொடங்கும் அழுத்தமான திறப்பழுத்தம், கலனுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. 10 பார் அனுமதி அழுத்தம் கொண்ட கலனில் ஒற்றை வால்வு திறந்து வெளியேற்றும்போது அழுத்தம் 11 பார் வரையும், தீயின்போது 12.1 பார் வரையும் ஏறலாம். ஆனால் கரைப்பான் கொதித்து வெப்பத்தைச் சுமந்து செல்லும் வினைகளில், கலன் தாங்கும் என்பதற்காகத் திறப்பழுத்தத்தை உயர்த்தி வைப்பது தவறு என்பதே என் கருத்து. சீக்கிரம் திறந்தால் வினை இன்னும் மெதுவாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். 2007-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 என்ற வேதிப்பொருள் ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தனர். அங்கே வெடிதகடு, அதாவது குறித்த அழுத்தத்தில் உடைந்து வழிவிடும் மெல்லிய தகடு, 400 பிஎஸ்ஐக்கு (சுமார் 28 பார்) அமைக்கப்பட்டிருந்தது. 75 பிஎஸ்ஐயிலேயே (சுமார் 5 பார்) திறந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது.

வால்வுக்கு வரும் குழாயில் அழுத்த இழப்பு திறப்பழுத்தத்தின் 3 சதவீதத்துக்குள், அதாவது 10 பாருக்கு 0.3 பாருக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் வால்வு படபடவெனத் திறந்து மூடி, தன் இருக்கையையே சிதைத்துக்கொள்ளும். வால்வுக்குக் கீழே வெடிதகடு வைத்தால், இரண்டுக்கும் இடையில் அழுத்தமானி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். தகட்டில் ஊசித்துளை விழுந்து அந்த இடைவெளியில் 2 பார் சேர்ந்துவிட்டால், 10 பாரில் உடைய வேண்டிய தகடு 12 பார் வரும்வரை உடையாது. மானியின் முள் பூஜ்ஜியத்தைவிட்டு நகர்ந்ததைக் கண்டதும் தகட்டை மாற்றிவிட வேண்டும்.