பூல் வகுப்பில் சேரப் போகிறீர்களா? முதல் மாதம் இப்படித்தான் போகும்

பூல் என்றால், துணி போர்த்திய மேசையில் ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக்கொண்டு மற்ற பந்துகளை மேசை ஓரத்துக் குழிகளில், அதாவது பாக்கெட்டுகளில், விழவைக்கும் ஆட்டம். ஆறு வருடம் பூல் பார்லரில் ஆடியும் என் ஆட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் இருக்கும் பந்து உள்ளே போகும். அதே பந்து மேசையின் அந்தக் கோடியில் இருந்தால் பாக்கெட் வாயில் இரண்டு பக்கமும் இடித்துவிட்டு வெளியே நின்றுவிடும். கோணம் பிடிபடவில்லை என்றே நினைத்திருந்தேன். வகுப்பில் சேர்ந்த பத்தாவது நிமிடம் தெரிந்துவிட்டது, கோளாறு கண்ணில் இல்லை, முழங்கையில்.

1. சேரும் முன் ஒரு வீடியோ

ஒரு பந்தை மேசை நடுவில் வையுங்கள். வெள்ளைப் பந்து, அந்தப் பந்து, மூலைப் பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் போனை நிறுத்திவிட்டு இருபது முறை அடியுங்கள். எத்தனை விழுந்தது என்று எழுதி வையுங்கள். எனக்கு ஒன்பது. வெட்கமாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

2. ஆசிரியரைத் தேடுவது

பூலின் உறவுக்கார ஆட்டமான ஸ்னூக்கருக்கு 1882-இல் விதி எழுதியதே ஊட்டி கிளப்பில்தான் என்பதாலோ என்னவோ, நம் பக்கம் பூலைவிட ஸ்னூக்கர் சொல்லித் தருபவர்களே அதிகம். தயங்காமல் அவர்களிடமே போகலாம். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57 மி.மீ.க்குச் சற்று அதிகம். மேசையும் ஸ்டிக் முனையும் வேறு அளவு. ஆனால் ஸ்டிக்கை நேராகத் தள்ளுவது இரண்டுக்கும் ஒன்றுதான். சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவர் பந்தைப் பார்க்கிறாரா, மாணவனின் கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கையைப் பார்ப்பவரிடம் சேருங்கள். முதல் நாளே ஜம்ப் ஷாட் (வெள்ளைப் பந்தை இன்னொரு பந்தின் மேலே தாண்டவைக்கும் அடி) சொல்லித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

3. முதல் நாள்: நிற்பதும் பிடிப்பதும்

அலுப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்கையில் ஸ்டிக்கைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. முழங்கை அசையாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள கை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடட்டும். முனை பந்தைத் தொடும் நொடியில் முன்கை, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேர்க்கீழாக இருக்க வேண்டும். அடித்த பிறகும் எழுந்திருக்காதீர்கள். பந்து நிற்கும்வரை தலை அங்கேயே இருக்கட்டும்.

4. வெள்ளைப் பந்து மட்டும்

என்னை மாற்றியது இந்தப் பயிற்சிதான். மேசையில் வேறு பந்தே வேண்டாம். பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் பக்கத்துப் புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்து, நடுக்கோட்டின் மேலேயே எதிர்க் குஷனுக்கு, அதாவது மேசையின் எதிர் ஓரத்து ரப்பர் விளிம்புக்கு, அடியுங்கள். அடித்து முடித்த ஸ்டிக்கை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். பந்து குஷனில் பட்டுத் திரும்பி வந்து ஸ்டிக்கின் முனையிலேயே முட்ட வேண்டும்.

எனக்கு ஒரு சாண் வலப்பக்கமாகத் திரும்பி வந்தது. மேசை சமமாக இல்லை என்றேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் என் ஸ்டிக்கை வாங்கி, அதே இடத்திலிருந்து அடித்தார். பந்து வந்து முனையில் ‘டொக்’ என்று முட்டியது. “மேசை நல்லாத்தான் இருக்கு சார்.”

நடுவில் அடிப்பதாக நினைத்து, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் பந்து சுழன்றுகொண்டே போய், குஷனில் பட்டதும் வலப்பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கம் தள்ளி அடித்தால் இடப்பக்கம் வரும். இத்தனை வருடம் நான் ‘கோணத் தப்பு’ என்று நினைத்ததில் பாதி இந்த வேண்டாத சுழற்சிதான்.

5. நிறுத்தும் அடி

வெள்ளைப் பந்து நேராகப் போய் மற்றதில் பட்டு, அதே இடத்தில் நிற்க வேண்டும். ஓர் அடி தூரத்தில் தொடங்கி, பிறகு இரண்டு, நான்கு அடி என்று கூட்டுங்கள். நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால் பந்து பின்சுழற்சியோடு கிளம்பும். போகப் போகத் துணியின் உராய்வு அதைத் தின்றுவிடும். மோதும்போது சுழற்சி சரியாகத் தீர்ந்திருந்தால் பந்து நிற்கும். அதனால் தூரம் கூடினால் இன்னும் கீழே, அல்லது இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். மோதிய பிறகும் முன்னே உருண்டால் மேலே அடித்திருக்கிறீர்கள், அல்லது மெதுவாக அடித்திருக்கிறீர்கள்.

6. கோணம்

இது இப்போதுதான் வர வேண்டும். பாக்கெட்டுக்குப் போக வேண்டிய கோட்டில், அடிபடும் பந்துக்குப் பின்னால் இன்னொரு பந்து ஒட்டி நிற்பதாக நினையுங்கள். அந்த இல்லாத பந்தின் இடத்துக்கு வெள்ளைப் பந்தை அனுப்புவதுதான் வேலை. வெள்ளைப் பந்தின் நடுவை அடிபடும் பந்தின் விளிம்புக்கு நேராகக் குறிவைத்தால், அடிபடும் பந்து ஏறத்தாழ 30 டிகிரி விலகிப் போகும். இயல்பாக உருண்டு வந்த வெள்ளைப் பந்தும் மறுபக்கம் கிட்டத்தட்ட அதே அளவு விலகும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இயல்பாக விரித்து மேசைமேல் பிடித்தால், அந்த இடைவெளிதான் வெள்ளைப் பந்து விலகும் அளவு.

7. வீட்டில்

காலி பாட்டில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் படுக்க வையுங்கள். ஸ்டிக் முனையை அதன் வாய்க்குள் விட்டு, விளிம்பில் படாமல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும். கண்ணாடி பாட்டில் எடுத்து நான் ஒன்றை உடைத்தாகிவிட்டது.

8. மூன்று வாரம் தோற்பீர்கள்

பழைய கை போய், புதிய கை வராத காலம் இது. நண்பர்களோடு பந்தயம் வேண்டாம். அவசரத்தில் கை பழைய வழிக்கே போய்விடும். நான்காவது வாரம் அதே இடத்தில் போனை நிறுத்தி, அதே இருபது அடிகளை அடித்து, இரண்டு வீடியோவையும் ஆசிரியரிடம் காட்டுங்கள். எனக்குப் பதினான்கு விழுந்தது. அவர் எண்ணிக்கையைக் கேட்கக்கூட இல்லை. ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தி, “இங்க பாருங்க, இன்னும் தலை தூக்குறீங்க” என்றார்.