சர்வர் க்ராஷ் ஆனதும் எடுத்த எடுப்புல எஃப்எஸ்சிகே ஓட்டாதீங்க

கரண்ட் போயோ கெர்னல் பேனிக் ஆகியோ லினக்ஸ் சர்வர் படுத்துருச்சு, திரும்ப ஆன் பண்ணா எமர்ஜென்சி மோடுல போய் நிக்குது. உடனே எல்லாரும் அடிக்கறது எஃப்எஸ்சிகே (fsck) மைனஸ் ஒய், அதாவது டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வெச்சிருக்கற ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்து ரிப்பேர் பண்ற கமாண்ட். தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க. அந்த கமாண்ட் ஃபைல்சிஸ்டத்தோட கணக்கைத்தான் நேர் பண்ணும், உங்க டேட்டா பத்தி அதுக்குக் கவலையே கிடையாது, கணக்கு இடிச்சா ஒரு ஃபைலையே கழட்டி விட்டுட்டு எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிடும். மைனஸ் ஒய்னா அது கேக்குற எல்லாத்துக்கும் நீங்க படிக்காமலே சரி சொல்றீங்கன்னு அர்த்தம். முதல்ல மைனஸ் என் போட்டு ஓட்டுங்க, எதையும் மாத்தாம என்னென்ன தப்புன்னு மட்டும் காட்டும்.

அதுக்கும் முன்னாடி டிமெசேஜ் (dmesg) பாருங்க, கெர்னல் எழுதி வெச்ச மெசேஜ்களைக் காட்டுற கமாண்ட் அது. ஐ/ஓ எரர் வரிசையா வந்தா பிரச்சனை பெரும்பாலும் ஃபைல்சிஸ்டத்துல இல்ல, டிஸ்க்லயோ கேபிள்லயோ. சாகப்போற டிஸ்க்ல ரிப்பேர் ஓட்டுறதுதான் இருக்கறதுலயே மோசமான தப்பு, படிக்க முடியாத இடத்துல போய் எழுத ஆரம்பிக்கும், இருக்கறதும் போயிடும். கெட்டுப்போன டிஸ்க்ல இருந்து முடிஞ்சதைக் காப்பி எடுக்குற டிடிரெஸ்க்யூ (ddrescue) வெச்சு வேற டிஸ்க்ல முழு இமேஜ் எடுத்துட்டு அந்தக் காப்பில ரிப்பேர் பண்ணுங்க. நேரமாகும்தான், ஆனா தப்பாப் போனா திரும்ப முதல்ல இருந்து பாக்கலாம்.

ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோட இணைஞ்சு பயன்பாட்டுல இருக்குறப்போ ரிப்பேர் ஓட்டவே கூடாது. ரூட் பார்ட்டிஷன்னா லைவ் யுஎஸ்பில பூட் பண்ணிப் பண்ணுங்க.

ஃபைல்சிஸ்டத்துல எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்ட்4னு பல வகை உண்டு, எக்ஸ்எஃப்எஸ்ல கதை வேற. அங்க எஃப்எஸ்சிகே போட்டா ஒண்ணுமே செய்யாம நல்லபடியா முடிஞ்ச மாதிரி திரும்பிடும், அத நம்பிடாதீங்க. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் (xfs_repair) கமாண்டைத்தான் ஓட்டணும். அது லாக் (செய்யப்போற மாற்றங்களை முன்கூட்டியே குறிச்சு வெக்கிற இடம்) அழுக்கா இருக்கு, ஒருதடவ மவுண்ட் பண்ணிட்டு வான்னு சொன்னா அதையே செய்யுங்க, மவுண்ட் ஆகும்போது பாதில நின்ன மாற்றமெல்லாம் லாக்ல இருந்து எழுதப்படும். மவுண்டே ஆகலன்னாதான் கடைசி வழியா மைனஸ் கேபிடல் எல், ஏன்னா அது அந்த லாக்கையே அழிச்சிடும். பிடிஆர்எஃப்எஸ்ல செக் கமாண்டோட ரிப்பேர் ஆப்ஷனும் கடைசி வழிதான், விவரம் தெரிஞ்சவங்க சொல்லாம தொடாதீங்க.

எக்ஸ்ட்4ல சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தோட அடிப்படை விவரம் இருக்கற இடம்) கெட்டுப்போச்சுன்னு வந்தா பயந்து ஃபார்மேட் பண்ணிடாதீங்க. 4கே பிளாக் சைஸ்னா வழக்கமா 32768, 98304ல பேக்கப் காப்பி இருக்கும், எஃப்எஸ்சிகேல மைனஸ் பி போட்டு அந்த பிளாக் நம்பரைக் குடுங்க.

ரிப்பேர் முடிஞ்சதும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரை அழிக்காதீங்க. பேரு போய் வெறும் ஐநோட் நம்பரோட (ஃபைல்சிஸ்டம் உள்ளுக்குள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் வெக்கிற நம்பர்) ஃபைலெல்லாம் அங்கதான் கிடக்கும், ஃபைல் கமாண்ட் போட்டா எது படம் எது டேட்டாபேஸ்னு ஓரளவு தெரியும். டேட்டாபேஸ் இருந்தா அதோட சொந்த செக்கையும் தனியா ஓட்டிட்டு அப்புறமா யூசர்ஸ உள்ள விடுங்க.